நைட் ஷிப்ட் பார்த்த நாய்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இதுதான்:

1. அம்மா கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.
2. அதுவரை கொல்லையில் அடைபட்டிருந்த சின்னவள், கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.
3. கொல்லைக்குப் போவதற்காகக் கூடத்தில் எழுந்து நின்ற பெரியவன், அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
4. சின்னவள் அவன் முதுகில் ஏறி, கழுத்துத் தோலைக் கவ்வி இழுத்தாள்.
5. பெரியவன் சத்தம் எதுவும் போடவில்லை.
6. அவனுடைய பின்னங்கால்கள் மொசைக் தரையில் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.
7. உட்கார்ந்தவன் எழவில்லை.

ஐந்தாவதைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். அன்று நாங்கள் எல்லோரும் ஏழாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியவன் எங்களோடு பதினொரு வருடமாக இருக்கும் நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். சின்னவள் வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. புத்தூரில் குடியிருந்த என் தோழி வேலை மாற்றலாகி வடக்கே போனபோது, கூட்டிக்கொண்டு போக வழியில்லாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போன குட்டி. குட்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. லாப்ரடாரும் தெருவும் கலந்த பத்து மாத உடம்பு. அதற்குள் அடங்காத ஒரு வேகம். அவளைப் பொறுத்தவரை பெரியவன் ஒரு விளையாட்டு மைதானம்.

பெரியவனை அப்பா தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் கால்நடை மருத்துவமனை வரைக்கும் அவன் தலை அப்பாவின் மடியில் இருந்தது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன.

டாக்டர் இளம் வயதுப் பெண். காலை மடக்கியும் நீட்டியும் பார்த்தார்.

"எலும்பு முறியல. ஆனா இடுப்பு மூட்டு ஏற்கெனவே தேஞ்சிருக்குங்க. இன்னொரு தடவ இப்படி விழுந்தா, எந்திரிச்சு நடக்குறது கஷ்டம்." பிறகு கேட்டார்: "அந்தக் குட்டி மேல ஏறும்போது இவன் திருப்பி உறுமுறதில்லையா?"

"சேச்சே. எங்க பெரியவன் அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க. ரொம்ப நல்ல நாய்," என்றார் அப்பா, பெருமையாக.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த மேசையில் ஒரு பூனை கூடையை விட்டுத் தாவிவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே ஓடினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா ஆரம்பித்தார். "மண்ணச்சநல்லூர்ல அரிசி மில் வச்சிருக்கான்ல என் கூட்டாளி, காவலுக்கு ஒரு நாய் வேணும்னு ரொம்ப நாளா கேக்குறான்."

"அங்க கட்டிப் போட்ருவாங்கப்பா. ராத்திரி மட்டுந்தான் அவுத்து விடுவாங்க."

"இன்னும் ஒரு தடவம்மா. ஒரே ஒரு தடவ இவன் விழட்டும். அவ மில்லுக்கு. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

நான் அழுகிற ஆளில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். அப்படிச் சொன்னால்தான் எனக்கு உறைக்கும் என்பதும் தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய விபத்துக்கு வழி செய்தது அப்பாவின் ஏற்பாடு. சின்னவள் வந்த முதல் வாரத்திலேயே, "ரெண்டு பேரையும் ஷிப்ட் போட்டுருவோம்" என்று அவர்தான் முடிவு செய்தார். காலையில் சின்னவள் கொல்லையில், பெரியவன் கூடத்தில். மதியம் மாற்றி. மாலையில் மறுபடி மாற்றி. முப்பத்தைந்து வருடம் ஷிப்ட் பார்த்த மனிதருக்கு உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் முதலில் தோன்றும் தீர்வு அதுதான். எங்களுக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நாங்கள் ஷிப்ட் வீட்டில் வளர்ந்தவர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். மூன்று தரம் சங்கு ஊதும். சங்குக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள்களும் மொபெட்டுகளும் சாலை முழுக்கக் கேட்டை நோக்கிப் போகும்; சங்குக்குப் பிறகு அதே சாலையில் வேறு முகங்கள் திரும்பி வரும். அந்த ஊரில் ஒருவரைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "இந்த வாரம் என்ன ஷிப்ட்?" என்றுதான் கேட்பார்கள்.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் என்றால் வீடு வேறு வீடாகிவிடும். படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் எப்போதுமே பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கும். அழைப்பு மணியின் சுவிட்சை அம்மா அணைத்துவிடுவாள். அது தெரிந்த பால்காரர் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். குக்கர் விசில் அடிக்கவிடாமல், மூச்சு விட ஆரம்பித்ததுமே அம்மா அடுப்பைக் குறைப்பாள். கதவைச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் கீல் கத்தும். கணக்குப் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் படிக்க ஆசை வந்தால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் விரல்களாலேயே ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம்.

இதெல்லாம் கஷ்டமாக இருந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை என்பேன். அந்த வாரங்களின் பகல் எனக்கு இன்றும் பிடிக்கும். மின்விசிறியின் சுழற்சி, வேப்ப மரத்தில் அணில், மூடிய கதவுக்குப் பின்னால் அப்பாவின் குறட்டை. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அந்தக் குறட்டைதான் அத்தாட்சி.

பெரியவன் அந்த வீட்டுக்குள்தான் வந்தான். நான் பத்தாம் வகுப்பு. டியூஷன் சைக்கிள் ஸ்டாண்டில், மழையில் நனைந்து, என் சைக்கிள் சக்கரத்துக்குக் கீழே படுத்திருந்த குட்டி. வந்த முதல் பகலே பேப்பர் போடும் பையனைப் பார்த்துக் குரைத்தான். அம்மா வாயில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்றாள். மறுநாள் பூனையைப் பார்த்து உறுமினான். நான் "ஷ்ஷ்" என்றேன். மூன்றாம் நாள் அவனாகவே படுக்கையறைக் கதவைப் பார்த்தான்; பிறகு எங்களைப் பார்த்தான்; வாயை மூடிக்கொண்டான். நாங்கள் பிஸ்கட் கொடுத்தோம்.

அவ்வளவு சீக்கிரம் எதையும் கற்றுக்கொண்ட நாயை நான் பார்த்ததில்லை. தபால்காரர் வருவார், கறிவேப்பிலை விற்பவர் வருவார், தெரு நாய் கேட்டுக்கு வெளியே வந்து நின்று வம்புக்கு இழுக்கும். இவனுடைய மேலுதடு மட்டும் ஒரு கணம் தூக்கும், சத்தம் வராது. டவுன்ஷிப்பில் அவன் பிரபலம்.

"என்ன சார், உங்க நாயும் நைட் ஷிப்ட் பாக்குதா?" என்று அப்பாவைக் கேட்பார்கள்.

"ஆமா, ஓவர்டைம் கூட கேக்குறதில்ல," என்பார் அப்பா.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளம் வாடகைக்குக் கிடைத்தது. மாடியில் வீட்டுக்கார மாமி. இங்கே சங்கு கிடையாது. கோயில் மணியும் ரயிலும்தான் நேரம் சொல்கின்றன. முதல் மாதங்களில் அப்பா சங்கில்லாமல் திண்டாடினார். பெரியவனும் எந்நேரமும் கூடத்தின் நடுவில் படுத்து, மூடியிருக்கும் படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். புது வீடு பழகவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

நான் கருவியியல் படித்தவள். தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகைகள் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை; வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து. ஒரு சிக்கல் வந்தால் அதைத் துண்டு துண்டாக எழுதிப் பார்க்காமல் எனக்குக் கை ஓடாது. ஆட்டோவில் அப்பா கெடு வைத்த அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன்.

ஷிப்ட் முறை ரத்து. அதில் சின்னவளின் வேகம் சேர்ந்து சேர்ந்து, கதவு திறக்கும் நொடியில் வெடிக்கிறது. "எங்க பிளான்ட்லயும் ஷிப்ட் மாறுற நேரந்தாம்மா ஆக்சிடென்ட்டு," என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். கூடத்திலும் நடையிலும் ரப்பர் விரிப்பு போட்டேன், கால் வழுக்காமல் இருக்க. சின்னவளின் கழுத்துப் பட்டையில் ஒரு நீளக் கயிறு எப்போதும் தரையில் இழுபடும். எட்டிப் பிடிக்க வசதி. பெரியவனைச் சந்திக்கும் முன் அவளைக் கொள்ளிட மணலில் ஓடவிட்டு அலுக்க வைப்பது. பெரியவனுக்கு அம்மாவின் தையல் மிஷினுக்குக் கீழே ஒரு மெத்தை. அதற்குள் அவன் போய்விட்டால் யாரும் தொடரக்கூடாது.

இதெல்லாம் நன்றாகவே வேலை செய்தது. அலுத்து வந்தவள் முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அழைப்பாள். பெரியவனும் சில சமயம் வாலை ஆட்டியபடி அவள் காதை மெதுவாகக் கவ்வுவான். அவன் விளையாடி நாங்கள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாள்.

ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் ஒரே மாதிரிதான் முடிந்தது. எங்கோ ஓர் இடத்தில் பெரியவனுக்குப் போதும் ஆகிவிடும். அவளுக்கு அது தெரியாது. முதுகில் ஏறுவாள். நான் பாய்ந்து கயிற்றை இழுப்பேன். நான் குளிக்கப் போயிருந்தால்? ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தால்? ஒருநாள் அம்மா கயிற்றை எட்டிப் பிடிக்கும்முன் பெரியவன் தள்ளாடிச் சுவரில் சாய்ந்துவிட்டான். விழவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "இது விழுந்ததுல சேத்தியா இல்லையான்னு நீயே சொல்லு," என்றார்.

"சேத்தி இல்லப்பா. சுவர் இருந்துச்சு."

"அடுத்த தடவ சுவர் இருக்காது."

மறுநாள் என் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து அவர்களுடைய ஆட்டத்தைப் படம் பிடித்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். வேலையிலும் அப்படித்தான், ஓர் இயந்திரம் ஏன் நின்றது என்று பார்க்க, நிற்பதற்கு முந்தைய நொடிகளைத்தான் பார்ப்போம்.

படத்தில் பெரியவன் முதலில் முகத்தைத் திருப்புகிறான். உதட்டை நக்கிக்கொள்கிறான். உடம்பு விறைக்கிறது. மேலுதடு தூக்குகிறது, பல் தெரிகிறது, தொண்டை அசைகிறது. அடுத்து உறுமல் வர வேண்டும். அந்த இடத்தில் அவன் தலையைத் திருப்பிப் படுக்கையறைக் கதவைப் பார்க்கிறான். கதவு மூடியிருக்கிறது. உதடு இறங்கிவிடுகிறது. சின்னவள் ஏறுகிறாள்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் கதவு.

எங்கள் தொழிலில் கொதிகலனில் அழுத்தம் ஏறினால் முதலில் அலாரம் அடிக்கும். யாரும் கவனிக்காவிட்டால்தான் இயந்திரம் தானாக நிற்கும். அலாரம் அடித்துத் தொல்லை தருகிறதென்று யாராவது அதன் வாயை அடைத்துவிட்டால், பிறகு முன்னறிவிப்பே கிடையாது. சின்னவள் அடங்காதவள் இல்லை. அவளுக்கு யாரும் "போதும்" என்று சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லக் கூடாது என்று நாங்கள் பிஸ்கட் கொடுத்துப் பழக்கியிருந்தோம்.

அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பப் பார்த்தார்.

"கதவையா பாக்குறான்?"

"ஆமாப்பா."

"நான் இங்க சேர்லதானே உக்காந்திருக்கேன். இந்தா, படத்துலயே என் கால் தெரியுதே."

சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள்: "அவன் கணக்குல நீங்க இன்னும் ரிட்டயர் ஆகலைங்க."

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவை அகலத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"மாமி, ஒரு விஷயம். எங்க நாய் இனிமே கொஞ்சம் சத்தம் போடும்ங்க. நாங்களே போட வைக்கப் போறோம். உங்களுக்கு மதியத் தூக்கம் கெடும்னா சொல்லிடுங்க."

மாமி துளசி மாடத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சார், நாய் குலைக்கறதுக்கு எங்கிட்ட வந்து அனுமதி கேப்பாளா? நாய் குலைக்காம பின்ன பாசுரமா சேவிக்கும்? இத்தனை நாளா அது ஊமைன்னுன்னா நினைச்சிண்டிருந்தேன், பாவம்!"

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக நடந்தது. அம்மா அழைப்பு மணியை வேண்டுமென்றே அடித்துப் பார்த்தாள். குக்கர் விசிலை முழுதாகக் கத்தவிட்டாள். அப்பா பகலில் படுத்தால் கதவைத் திறந்து வைத்துத்தான் படுத்தார். ஆட்டத்தின்போது பெரியவனின் உதடு தூக்கினாலே போதும். அப்பா அவனைப் பார்த்து, "ம்ம், சொல்லு, சொல்லு" என்பார். அதே நொடியில் நான் கயிற்றை இழுத்துச் சின்னவளை விலக்கிவிடுவேன். அவன் சொல்ல நினைத்தாலே அவள் விலகிப் போகிறாள் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் கணக்கு. வாரக்கணக்கில் இதைச் செய்தோம். உதடு கொஞ்சம் அதிகமாகத் தூக்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. அப்பாவின் கூட்டாளி மில்லிலிருந்து இரண்டு தரம் போன் செய்தார். "பாக்கலாம்டா, பாக்கலாம்" என்று அப்பா வைத்துவிட்டார்.

ஆடி மாதம் பிறந்தது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று மணலோடு வந்து எல்லாக் கதவுகளையும் அறைந்தது. ஒரு மதியம் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நான் கூடத்து மூலையில் ஒரு காதில் மட்டும் இயர்போனோடு மீட்டிங்கில் இருந்தேன். காற்று செங்கல்லையும் தள்ளிக்கொண்டு படுக்கையறைக் கதவைப் படாரென்று சாத்தியது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குறட்டை கேட்டது. மூடிய கதவு, குறட்டை, கிசுகிசுவென்று பேசும் நான். கைலாசபுரத்துப் பகல் அப்படியே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் எழுந்தாள். உடம்பை முறித்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து நின்ற பெரியவனை நோக்கிக் குதித்தாள். கயிறு எனக்கு எட்டாத பக்கம் கிடந்தது. பெரியவனின் பின்னங்கால்கள் விரிப்பைத் தாண்டி, வெறும் மொசைக்கில் இருந்தன.

அவன் முகத்தைத் திருப்பினான். உதடு தூக்கியது. கதவைப் பார்த்தான்.

கதவைப் பார்த்தபடியே உறுமினான்.

பெரிய சத்தமில்லை. பழைய சைக்கிளின் டைனமோ சக்கரத்தில் உரசினால் ஒரு ஓசை வருமே, அதுபோல் அடியிலிருந்து, கரகரவென்று. சின்னவள் ஒரு முன்னங்காலை அந்தரத்தில் வைத்தபடி நின்றாள். பிறகு அந்தக் காலை மெதுவாகக் கீழே வைத்தாள். காதுகளை ஒடுக்கி, உட்கார்ந்து, அவன் வாயோரத்தை ஒரு தரம் நக்கிவிட்டு, தள்ளிப் போய்ப் படுத்தாள். இவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது. மீட்டிங்கில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குறட்டை நின்றது. கதவு திறந்தது. அப்பா லுங்கியைச் சரி செய்தபடி நின்றார்.

"எவன்டா அது, நைட் ஷிப்ட்காரன எழுப்புறது?"

பெரியவனின் வால் கீழே இறங்கியது. காது பின்னால் போயிற்று. அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அப்பா சொன்னது வேடிக்கைக்குத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. அந்த வயதில் தரையில் உட்காருவது அவருக்கும் சுலபமில்லை. சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, அவனுடைய மடிந்த காதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"நீதானாடா? சரியாத்தான் சொல்லியிருக்க. இன்னொரு தடவ சொல்லு. நல்லா சத்தமா சொல்லு."

அவன் சொல்லவில்லை. அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். மாடியிலிருந்து மாமியின் குரல் வந்தது: "என்ன சார், உங்க ஊமைக்குப் பேச்சு வந்துடுத்தா?"

அன்று மாலை அப்பா மண்ணச்சநல்லூருக்குப் போன் போட்டு, வேறு நாய் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போதைய நிலைமை: சின்னவள் எங்களோடுதான் இருக்கிறாள். பெரியவன் காலையும் மாலையும் மூட்டு மாத்திரை சாப்பிடுகிறான்; படி ஏறுவதில்லை; அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு விழவில்லை. இருவரும் தினமும் கொஞ்ச நேரம் விளையாடுகிறார்கள். அவன் உறுமினால் அவள் நிறுத்திவிடுகிறாள். பத்தில் இரண்டு தரம் நிறுத்த மாட்டாள். அதற்காகக் கயிறு இன்னும் அவள் கழுத்தில் இருக்கிறது. அப்பா மதியம் கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறார்.